வெட்டாத ஒரு சாண்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் ‘மிச்சம்’தான். எதை அளந்தாலும் ஒரு சாண் கூட்டி அளப்பார். கூடுதலை வெட்டச் சொன்னால் கை வராது. “வெட்டினா ஒட்ட முடியுமா?” என்று திருப்பிக் கேட்பார். தையற்காரர் சட்டைக் கையை வெட்ட வந்தால்கூடத் தடுத்துவிட்டு, நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொள்வார். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஆணிக்கு ஆணி துண்டுக் குழாய்களும் அறுந்த பெல்ட்டுகளும் தொங்கும். எல்லாம் இருக்கும், தேடினால் எதுவும் கிடைக்காது.

ஆனால் தொழிலில் குறை சொல்ல முடியாது. குழாய் வேலைக்காரர். கழிவுநீர்க் குழாய் பதிக்க அவர் வாட்டம் பார்த்துச் சரிவு கொடுத்தால், அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது.

வீட்டில் டிராக்டர் ஓட்டுவது மனைவி. சூளையிலிருந்து மேட்டுத் தெருவுக்குச் செங்கல் ஏற்றுகிறாள். வண்டி அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. போன வாரம் பாதி ஏற்றத்தில் என்ஜினுக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டது. டிரெய்லர் வண்டியைப் பின்னால் இழுத்தது. அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, பின்னால் வந்த பள்ளிக்கூட வேனுக்கும் டிரெய்லருக்கும் நடுவே கையகல இடம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த இடைவெளியைக் கையை விரித்துக் காட்டினாள். அந்தக் கையகலம்தான் மிச்சத்தை டர்போ தேட வைத்தது.

பழைய லாரிகளைப் பிரிக்கும் இடத்தில் ஒன்று கிடைத்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் அதன் சக்கரம் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும், இழுவை கூடும். அதைக் கழுவிக் கொடுத்த மெக்கானிக் இரண்டு எச்சரிக்கை சொன்னார். டர்போவுக்குப் போகும் எண்ணெய் தன் கனத்தில்தான் கீழே திரும்ப வேண்டும், அந்தக் குழாய்க்கு வாட்டம் முக்கியம் என்பது ஒன்று. எண்ணெய் தேங்கினால் அது காற்றுப் பக்கம் கசிந்துவிடும். என்ஜின் தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடும். என்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கம்பி டீசலைத்தான் நிறுத்தும், அந்த எண்ணெயை நிறுத்தாது. இது இன்னொன்று.

“காத்தை அடைச்சாத்தான் நிக்கும் அண்ணே. டர்போ காத்து இழுக்கிற வாயைப் பலகையால அடைங்க. கையை வெச்சா கை போயிரும்.”

மெக்கானிக் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லி, வாட்டத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்று மிச்சம் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக்டரைக் கொட்டகைக்குள் நிறுத்தி டர்போவைப் பொருத்தினார். எண்ணெய் திரும்பும் ரப்பர் குழாய் தேவைக்கு மேல் ஒரு சாண் நீளமாக இருந்தது. கத்தியை எடுத்தார். புத்தம்புதுக் குழாய். கத்தியைக் கீழே வைத்தார். குழாயை வளைத்துச் சொருகினார். அது இறங்கி, கொஞ்சம் மேலேறி, மறுபடி இறங்கியது. நாலு விரல் மேடுதானே என்று விட்டுவிட்டார். அடுத்தவர் வீட்டுக் குழாயில் அந்த மேடு இருந்திருந்தால் தரையையே பெயர்த்திருப்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

பலகை எங்கே என்று அவள் கேட்டாள். ஆணிகளில் துழாவினார், கிடைக்கவில்லை. அதெல்லாம் வேண்டியிருக்காது என்றார். அவள் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் பலகையை எடுத்து வந்து, மட்கார்டு மேல் வைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மெல்லிய விசில் கிளம்பியது. அவருக்கு முகமெல்லாம் பல். அவள் கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்த்தாள். மூன்று நிமிஷம் போயிருக்கும், புகை நீலமாக வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். சத்தம் குறையவில்லை, ஏறியது. ஸ்டாப் கம்பியை இழுத்தாள். இன்னொரு தரம் முழுசாக இழுத்தாள். என்ஜின் அதைச் சட்டை செய்யவில்லை. கியர் போட்டு அடக்கலாமென்றால் எதிரே சுவர். தகர டப்பாவில் போல்ட்டுகள் குதித்தன, ஆணியில் தொங்கியவை பொலபொலவென்று விழுந்தன.

மிச்சம் குழாயைப் பார்த்தார். அந்த நாலு விரல் மேடு. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் என்ஜின் வெடிக்கும். அதன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பயத்திலும் வெட்கத்திலும் மெக்கானிக் சொன்னது காற்றில் போயிற்று. விசிலடிக்கும் டர்போவின் வாயை நோக்கி அவர் கை நீண்டது.

மணிக்கட்டில் பலகை அடி விழுந்தது. கை விலகியது. சீட்டிலிருந்து குதித்திருந்த அவள், அதே பலகையை டர்போவின் வாயில் அழுத்தி உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். என்ஜின் திணறியது, இரண்டு முறை உலுக்கியது, நின்றது.

வெகுநேரம் அவள் பலகையை எடுக்கவில்லை.

“கையை எங்க கொண்டு போனீங்க?” என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, மறைக்கவில்லை. “வாட்டம் இல்லேன்னு தெரியும்மா. வெட்ட மனசு வரல. நீ மேல உக்காந்திருக்கே, அது தோணவே இல்ல.”

அவள் கத்தியை எடுத்து நீட்டினாள். அவர் வெட்டினார். வீங்கிய கையால் வெட்டியதால் கோணலாகத்தான் வந்தது. தேங்கிய எண்ணெயை வடித்து, புதிதாக ஊற்றி, குழாயை நேராக இறக்கி மாட்டச் சாயங்காலமாகிவிட்டது. அவர் பலகையோடு பக்கத்தில் நின்றார், அவள் கிளப்பினாள். விசில் வந்தது, நீலப் புகை வரவில்லை. ஸ்டாப் கம்பியை இழுத்ததும் சட்டென்று நின்றது. முதலில் அரை லோடோடு ஏற்றத்தில் ஏறிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

கொட்டகையைப் பூட்டும் முன் அவர் வெட்டிய துண்டைக் கையிலெடுத்தார். பழக்கதோஷம், கால்கள் ஆணி இருந்த பக்கம் போயின. பாதியில் நின்று, தூக்கிப் போட்டுவிடுவதாக முணுமுணுத்தார்.

அவள் அதை வாங்கி முதல் ஆணியில் மாட்டினாள்.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்,” என்றாள். கீழே விழுந்து கிடந்த மற்றதையெல்லாம் அவரே சாக்கில் அள்ளிப் போட்டார்.