மாமன் சீர்

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உதவித்தொகை என்று ஒன்று உண்டு. உண்டு என்றால், காகிதத்தில் உண்டு. சில மாதம் வரும், பல மாதம் வராது. வாடகைதான் ஒரு நாளும் தவறாது. ஊரில் அந்த உதவித்தொகைக்குச் சம்பளம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடும் மாமன் சீர்தான். என்னிடம் பஸ்ஸுக்கே காசில்லை. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வந்து வெறும் அட்டைகளோடு திரும்பும் லாரியில் ஏறிக்கொண்டேன். டிரைவர் எங்கள் ஊர்க்காரர். தோடு வாங்கவில்லை, படிப்பை விடப்போகிறேன், ஊர்ப்பக்கம் கோழித்தீவன ஆலையில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் உருப்போட்டேன். சொல்லிவிட்டால் மூச்சாவது ஒழுங்காக விடலாம்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் இறங்கி, பஸ்ஸில் வந்தவன் மாதிரி அக்கா வீட்டுக்கு நடந்தேன். வாசலுக்கு வந்தவள் என் சட்டைப் பக்கம் மூக்கைச் சுளித்தாள்.

"முட்ட லாரியிலயா சாமி வந்த?"

நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவளிடம் போய் அந்த வாசனையை மறைக்கப் பார்த்த என் படிப்பை என்னவென்று சொல்வது. கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, நான் படிப்ப..."

முடிக்க விடவில்லை. ஒரு சின்ன டப்பாவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். உள்ளே தோடு.

"போன்ல நீ தோடப் பத்திப் பேசவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வாங்குனதுன்னு சொல்லு. எந்தம்பி பெங்களூர்ல சம்பாதிக்கறான்னு சொல்லித்தான் இந்த ஊட்டுல நிமிந்து நிக்கறேன். ஒண்ணும் சொல்லிப்போடாத சாமி."

அவள் மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு வெளியே வந்து மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். அது திமிறத் திமிற, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார். அக்காவின் மாமியார் தோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"மாமன் சீருன்னா இப்படி இருக்கோணுங்க."

நான் சிரித்தேன். குழந்தைக்காவது வாய்விட்டு அழ முடிந்தது.

சாயங்காலம் அதே லாரி முட்டை ஏற்றிக்கொண்டு வந்தது. கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அக்காவும் ரோடு வரைக்கும் வந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் ஓர் அட்டை முட்டையை என் மடியில் வைத்தார்.

"வாரா வாரம் அண்ணன் ஒரு அட்ட குடுப்பாரு, சொல்லி வெச்சிருக்கறேன்" என்றாள் அக்கா. "எப்படியாச்சும் படிச்சு முடிச்சுப்போடு."

சரி என்றேன். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.