விசில் இல்லாத கறி

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நான் குடியிருக்கும் வீட்டில், சமையலறைக் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி ஒட்டியிருக்கிறது. ஸ்மோக் அலாரம். அப்பளம் பொரித்தாலே கத்தும். அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், வெளியே மழையானாலும் குளிரானாலும். அங்கே நர்ஸாகப் போன நாளிலிருந்து பழகிய பழக்கம் இது. இந்த முறை லீவில் திருவண்ணாமலைக்கு வந்தபோதும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பின் பக்கம் போனதும் என் கை தானாக ஜன்னலைத் திறந்தது. கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து சாத்தினாள். வெளியே சித்திரை வெயில், உள்ளே காற்றாடி எங்கேயோ போகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் மறுபடியும் திறந்தேன். அவள் மறுபடியும் சாத்தினாள். "இன்னிக்கு இன்னா செய்யப் போறோம்னு மறந்துட்டியா" என்றாள். மறக்கவில்லை. கைதான் மறந்துவிட்டது.

அம்மாவின் பெயர் பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தின் காலனிதான் எங்கள் இடம். ஊர் வேறு, காலனி வேறு என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்க ஆரம்பித்ததும், ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக டவுனில் வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். வீடு தேடுகிற வேலை எனக்கு விமானம் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பொண்ணு வெளிநாட்டில் நர்சு என்றதும் முகம் மலரும். எந்த ஊர் என்பார்கள். சொன்னால், அங்கே எந்தத் தெரு என்பார்கள். அதையும் சொன்னால், அந்த வீடு போன வாரமே வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி இத்தனை வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்களே, அவர்களிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடைசியில் இந்த வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா மாடியில், அம்மா கீழே. அடி அண்ணாமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் போனபிறகு தனியாக இருக்கிறார். அவர் தெருவைக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லையா, பார்த்ததுமே தெரிந்துவிட்டதா, சொல்லத் தெரியவில்லை. "கறி மீனு செஞ்சிக்கோங்க, நாங்களும் துன்றவங்கதான். செவ்வா, வெள்ளி வேணாம். அது மட்டும் எந்த நாளும் ஆவாது" என்றார். அது எது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. "செரிங்கக்கா" என்று தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே குழாய், வாசலில் நின்றால் மலை, நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. ஒரு தலையாட்டலுக்கு இவ்வளவும் கிடைக்குமென்றால் யார்தான் ஆட்ட மாட்டார்கள்.

அதிலிருந்து அம்மா மாட்டுக்கறி சாப்பிடவில்லை. காலனியில் ஞாயிறென்றால் அதுதான். மிளகாயும் மஞ்சளும் போட்டுக் குக்கரில் வைத்தால் கறி வேக ஏழெட்டு விசிலாவது ஆகும். ஒவ்வொரு விசிலுக்கும் ஆவியோடு வாசனையும் வெளியே வரும். இந்த வீட்டில் சமையலறை ஜன்னல் சரியாக மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வாசனைக்கு ஏறத் தெரியும். போனில் பேசும்போதெல்லாம் அம்மா நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாள். நானும் சொல்வேன். ஒருநாள் நான் சீன முறையில் கறியும் காயும் வதக்கினேன் என்றதும், அவள் கேட்டது ருசியைப் பற்றி இல்லை.

"அதுக்கு விசிலு வேணாமில்ல?"

வேண்டாம், அஞ்சு நிமிஷத்தில் இறக்கிவிடலாம் என்றேன். "அப்ப வரும்போது செஞ்சி குடு" என்றாள். அவசரமாகச் செய்கிற சமையலென்று நான் நினைத்திருந்ததை, வாசனை படியேறுவதற்குள் செய்து முடிக்கிற சமையல் என்று அவள் புரிந்துகொண்டாள். அவள் புரிந்துகொண்டதுதான் சரி.

அந்தச் சமையலை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் மேய். கார்க்கில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட சீனத்துப் பெண், அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை. பெயரைச் சொன்னதும் அம்மா, "இன்னாடி பேரு அது, மாட்டப் பாத்து சொல்ற மாதிரி" என்று சிரித்தாள். நான் குடிபோன அன்றே மேய் புதிதாக ஒரு சட்டி வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். "யுவர் பான். நோ பீஃப் இன் திஸ். எவர்" என்றாள். நான் சாப்பிடுவேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறேன் என்று நினைத்து என் கையை அழுத்தினாள். ஆஸ்பத்திரி கேன்டீனிலும் இதே கதை. முதல் நாள் வரிசையில் நின்று குழம்புக் கறியைக் கைகாட்டினேன். பரிமாறுகிற அம்மாள் தட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "நோ, லவ். தட்ஸ் பீஃப்." அன்பு என்று என்னைக் கூப்பிட்டு, தட்டில் மீனை வைத்தார். முகத்தில் அத்தனை மரியாதை. இந்தியர்கள் மாடு சாப்பிட மாட்டார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவின் இந்தியாவில் எங்கள் தெரு இல்லை. காலனி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அந்த மீனில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. தின்றேன்.

மேயின் சந்தேகம் தீர வெகு நாளாயிற்று. தீர்ந்தபிறகு மனம்விட்டுக் கற்றுக்கொடுத்தாள். கறியை நாருக்குக் குறுக்கே, காகிதம் போல மெல்லிசாகச் சீவ வேண்டும். சோயா சாஸ், சோள மாவு, ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுப் பிசறி ஊறவைக்க வேண்டும். காய்களை முன்கூட்டியே நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அடுப்பில் ஏற்றியபின் மூச்சு விடாதே என்பாள். சட்டி புகைய வேண்டும். கறி போய், திரும்பி, வெளியே வந்துவிட வேண்டும். பிறகு காய், பிறகு மறுபடியும் கறி, அவ்வளவுதான்.

அன்று காலை நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்து டவுனுக்கு வெளியே இருக்கிற கடைக்குப் போனோம். அங்கேயும் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. "பெரிய கறியில அரை கிலோ" என்றாள் அம்மா. கடைக்கார பாய் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டார். அதை அம்மா பையின் அடியில் வைத்து, மேலே முளைக்கீரைக் கட்டு இரண்டைப் பரப்பினாள். எங்கள் ஜில்லாவில் மாட்டுக்கறிக்கு எத்தனை பெயர் இருந்தாலும் மாட்டுக்கறி என்ற பெயர் மட்டும் வெளியே வராது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறி முற்றலாக இருந்தது. உழைத்த மாடு. சீவச் சீவக் கத்தி வழுக்கியது. மஞ்சள் போடாமல் கறியா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். எனக்கு அன்று நிலைகொள்ளவில்லை. மேலே செருப்புச் சத்தம் கேட்டால் கத்தியை நிறுத்தினேன். குழாய்ச் சத்தம் கேட்டால் நிறுத்தினேன். சொந்த ஊரில், என் சம்பளத்தில் வாடகை கொடுக்கிற வீட்டில், திருடியைப் போல வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரும்புச் சட்டி புகைந்தது. நல்லெண்ணெய் ஊற்றி, பூண்டையும் இஞ்சியையும் தட்டிப் போட்டு, கறியைக் கொட்டினேன். சுர்ரென்று சத்தம். சோயாவும் பூண்டும் கலந்த வாசனை எழும்பியதில் கறி வாசனையே தெரியவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துத் தலையசைத்தாள். கறியை எடுத்துவிட்டு கேரட், குடைமிளகாய், கோஸ் போட்டேன். கறியைத் திரும்பச் சட்டியில் சேர்த்த நேரம் வாசல் கதவு தட்டப்பட்டது.

வீட்டுக்காரம்மாதான். கையில் எவர்சில்வர் கிண்ணம் நிறைய காராமணிச் சுண்டல். மகள் நர்சு வந்திருக்கிறாளே என்று கொண்டுவந்திருந்தார். நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். அம்மா சுண்டலைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டு கிண்ணத்தைக் கழுவினாள். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எதையாவது, ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்தக் கிண்ணமும் அப்படித்தான் குழம்பும் ரசமும் வடையுமாக இந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலனிக்காரி கைச்சோறு அந்தக் கிண்ணத்தில் ஏறிப்போனதை நினைத்து நானே அவரைப் பற்றிப் பெருமையாக மேயிடம் சொல்லியிருக்கிறேன்.

"வாசன தூக்குதே. சைனீஸா?" என்று சட்டியை எட்டிப் பார்த்தார். "மட்டனா போட்டுக்கிற? வெறும் கிண்ணம் குடுக்காத பச்சையம்மா. அதுல ரெண்டு துண்டு போடு, ருசி பாக்கலாம்."

"இன்னும் வேகலங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"வேகட்டும், நிக்கிறேன்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

கண்மூடித் திறப்பதற்குள் இறக்க வேண்டிய சமையலை நான் கிளறிக்கொண்டே இருந்தேன். குடைமிளகாய் துவண்டது. கோஸ் தண்ணீர் விட்டது. கறி சுருங்கி ரப்பராகிக்கொண்டிருப்பது கரண்டியில் தெரிந்தது. அவர் அயர்லாந்தில் குளிர் ஜாஸ்தியா என்று கேட்டார். ஜாஸ்திதான் என்றேன். நெற்றி வியர்வை சட்டியில் விழுந்துவிடும் போலிருந்தது. ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க மனம் நாலாப் பக்கமும் ஓடியது. கொடுத்துவிட்டால்தான் என்ன, தெரியவா போகிறது என்றுகூட ஓடியது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குறுக்கே கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"மாட்டுக்கறிங்கக்கா. உங்களுக்கு ஆவாது."

வீட்டுக்காரம்மா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. "அப்படியா" என்றார். அம்மா டப்பாவைத் திறந்து சர்க்கரையை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு படியேறினார். கிண்ணத்தை முந்தானையால் பிடித்திருந்தாரா, வெறுங்கையால் பிடித்திருந்தாரா என்று நான் பார்த்தேன். வெறுங்கைதான். அந்த அற்பத்தைப் பார்த்ததற்காக என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏம்மா சொன்ன? வேற எதனா சொல்லியிருக்கலாமில்ல" என்று சண்டை பிடித்தேன். இனி எங்கே வீடு தேடுவது, எத்தனை பேரிடம் தெருவின் பெயரைச் சொல்வது என்று என் பாட்டுக்குக் கத்தினேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் மறைச்சி துன்னுவேன். அவுங்கள மறைச்சி துன்ன வைக்க மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "கறி வேகவேல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மிச்ச லீவு முழுக்கப் படியில் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தே கழிந்தது. பெட்டி கட்டினேன், பிரித்தேன், மறுபடியும் கட்டினேன். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் தெருமுனையில் போனபோது அதில் கொஞ்ச தூரம் நடந்தேன். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டேன். நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார். "நாலு பேரு வந்து போற எடம். ஜன்னல சாத்திக்கினு செய்யி பச்சையம்மா" என்றார். அவ்வளவுதான். காலி செய் என்று சொல்லவில்லை. ஊருக்குப் போகும் எனக்கு முறுக்கும் கொண்டுவந்திருந்தார். எவர்சில்வர் கிண்ணத்தில் இல்லை. ஓட்டலில் பார்சல் தருகிற பிளாஸ்டிக் டப்பாவில். "திருப்பித் தர வேணாம், தூக்கிப் போட்டுடுங்க" என்றார். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது கார்க்கிலிருந்து எழுதுகிறேன். மாடியிலிருந்து குழம்பு வருவது நிற்கவில்லை, ஆனால் எப்போதும் அந்த டப்பாவில்தான் வருகிறதாம். அம்மா எதையும் தூக்கிப் போடவில்லை. கழுவிக் கழுவி அலமாரியில் அடுக்கியிருப்பது வீடியோவில் அவளுக்குப் பின்னால் தெரிகிறது. "நல்ல டப்பா, எதுக்குப் போடணும்" என்கிறாள். போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் விசில் கேட்டது. பருப்பா என்றேன். "கறிதான். ஜன்னல சாத்தியாச்சி. தெரிஞ்சதுக்கப்புறம் இன்னா அவசரம், பொறுமையா வேவட்டும்" என்றாள்.

இப்போது வேறு வீட்டில் இருக்கும் மேயை நேற்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஜன்னலை அகலத் திறந்து வைத்து, சட்டி புகைய, கறியைக் கொட்டிக் கிளறும்போது வாசல் மணி அடித்தது. வருவது மேய்தான் என்று தெரியும். இந்தத் தெருவில் நான் என்ன சமைக்கிறேன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது என்றும் தெரியும். கதவைத் திறக்கப் போவதற்கு முன் என் கை நீண்டு ஜன்னலை இழுத்துச் சாத்தியது. தலைக்கு மேல் அலாரம் கத்த ஆரம்பித்தது.