அடுப்பைப் பற்றி ஒரு கேள்வி

பாலஸ்தீனத்திலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர் வந்திருந்தார். சொந்தக் கிராமத்தையே பல வருடங்களாகப் படமெடுப்பவர். அவர் படத்துக்குத் தமிழில் வசனவரி எழுதியவன் நான் என்பதால், கிள்ளானில் திரையிடும் நாளன்று மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்து, ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு ரயிலேறினார் மனிதர்.

படத்தில் ஆடு காணாமல் போகும், கல்யாணம் நடக்கும், அவருடைய அம்மா மண் அடுப்பில் ரொட்டி சுடுவார். நடுநடுவே ராணுவ வண்டிகள். கடைசியில் ஒரு புல்டோசர் அந்த அடுப்பை இடித்துவிட்டுப் போகும்.

படம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உலக அரசியலை நீளமாகப் பேசினார். "படம் பிடித்திருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். பாசாரில் தோசைக்கடை வைத்திருப்பவர்.

"தம்பி, அடுப்ப ஒடைச்சிட்டாங்களே, அப்புறம் அம்மா எங்க சமைச்சாங்க?"

நான் மொழிபெயர்த்ததும் இயக்குநர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "போர் எப்போது முடியும் என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை" என்றவர், கைப்பேசியை எடுத்து வீடியோவில் தன் அம்மாவை அழைத்தார். அங்கே காலை நேரம்.

மாவு படிந்த கையோடு அம்மா திரையில் வந்தார். கேள்வியைக் கேட்டதும் கைப்பேசியைத் திருப்பிப் புது அடுப்பைக் காட்டினார். அவர் பேசியதை மகன் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"பழைய அடுப்பு ஒரே புகை. மாத்திக் கட்டுடான்னு இவன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். இரும்மா, படம் எடுக்கிறேன்னுட்டான்."

கூடமே சிரித்தது. தோசைக்கடை அம்மா, "எல்லா வீட்டுலயும் இதே கததான்லா" என்றார்.

அப்போது அங்கே ஏதோ வண்டிச் சத்தம். அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். திரை இருண்டது. இயக்குநர் திரும்பத் திரும்ப அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பிறகு ஒரு செய்தி வந்தது. அவர் படித்துவிட்டு மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணீர் லோரியாம். அம்மா தண்ணீர் பிடிக்க ஓடியிருக்கிறார்."

தோசைக்கடை அம்மா விறுவிறுவென்று முன்னால் வந்து, அவர் கையில் ஒரு தண்ணீர் போத்தலைக் கொடுத்தார்.

"மொதல்ல குடிங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் மடமடவென்று குடித்தார்.