முளைக்கும் முன் போட வேண்டிய கையெழுத்து

மக்காச்சோளம் விதைத்த அன்று புஞ்சையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கத்துப் புஞ்சைக்காரரான பெரியப்பா மகன் மட்டும் இல்லை. ஆள்விட்டு விதைக்கச் சொல்லிவிட்டு, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டச் சங்கரன்கோவில் போயிருந்தார். அவர் கொண்டுபோன விண்ணப்பம் முந்தின நாள் நான் நிரப்பிக் கொடுத்தது.

அப்பாவுக்கும் ஒன்று நிரப்பி வைத்திருந்தேன். இப்போதெல்லாம் மழை பெய்யாமல் கெடுக்கிறது, இல்லையென்றால் ஒரே நாளில் கொட்டிக் கெடுக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் விதை முளைத்துக் கண்ணில் படும்வரை எங்கள் வீட்டில் நஷ்டப் பேச்சை எடுக்க மாட்டோம். எடுத்தால் விதைக்குக் கேட்டுவிடும்.

“முளை தெரியட்டும்லே. பொறவு நீ காட்டுத எடத்துல எல்லாம் கையெழுத்து போடுதேன்” என்றார்.

பணம் கட்ட இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. முளை தெரிந்தது ஐந்தாம் நாள். கடைசித் தேதி எனக்குத் தெரியும், இருந்தும் மல்லுக்கட்டவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். விதைக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

கதிர் பிடிக்கும் சமயத்தில் மழை நின்றது. வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்தது. அண்ணனுடையதும் சேர்ந்து காய்ந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அடுத்த விதைப்பு நெருங்கிய ஒரு காலையில் அண்ணன் போனோடு வந்தார். இங்கிலீஷில் மெசேஜ் வந்திருக்கிறது, என்னவென்று பார் என்றார். காப்பீட்டுப் பணம் முப்பத்தோராயிரம் அவர் கணக்கில் ஏறியிருந்தது. உரக்க வாசித்துச் சொன்னேன். பிறகு மனதுக்குள் இன்னொரு முறை வாசித்தேன், என் அப்பா பெயர் எங்காவது இருக்காதா என்பதுபோல. எட்டாவதோடு நின்றவருக்கு என் கையெழுத்து பணமாகியிருந்தது.

அந்தப் பணத்தில் தெளிப்பு நீர்க் குழாய் வாங்கிப் போட்டார். அது சுற்றும் நேரத்தில் நான் புஞ்சைப் பக்கமே போவதில்லை. காற்றடித்தால் நாலு சொட்டு எங்கள் மண்ணிலும் விழும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விதைப்புக்கு இரண்டு நாள் முன்பு, நான்கு பை மக்காச்சோள விதையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். எங்கள் இரண்டு ஏக்கருக்கு அது போதும்.

“நீ எழுதுன ராசிதாம்லே. சித்தப்பாவுக்குன்னு வாங்கினேன்.”

“எங்களுக்கும் வாங்கத் தெரியும்ணே.”

“வாங்கத் தெரியும்ல, கட்டத்தானே தெரியல” என்று சிரித்தார்.

கேலிதான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று நான்கு பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முன்பே சொல்லிவைத்திருந்த அந்த விதையை நம்பி அப்பா வேறெங்கும் பணம் புரட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். விதைக்கும், இந்த முறை அப்பா முளைக்கும் முன்பே கையெழுத்துப் போட்ட காப்பீட்டுக்குமாகச் சேர்த்து அடகு வைத்தேன். அறுவடை முடிந்து மீட்டபோது, வட்டியோடு ஒன்பதாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.