என் விரலைப் பிடித்துக்கொண்ட கருப்பன்

பட்டாளத்தில் பீரங்கிப் படைக்குச் சமையல்காரனாக இருந்தேன். வெடி அதிர்ச்சியில் இடது காது செத்துப்போனது. வலது காதில் எந்நேரமும் வண்டு இரைகிற சத்தம். ஆனால் ஓய்வு பெறும்போது ஊனம் பத்து சதவீதம் என்று எழுதினார்கள். இருபதுக்குக் குறைந்தால் ஊன ஓய்வூதியம் கிடையாது. உசிலம்பட்டியில் காவல் வேலைக்குப் போனேன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் சாகப் பார்த்தேன். அந்த வேலையும் போனது.

மேல்முறையீடு செய்தேன். ஆடி மாதம் மறுபரிசோதனைக்குக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது.

முதல் பரிசோதனையில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே அதிகாரியின் கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். அதிகாரியிடம் "ஆமா சார்" என்று மட்டுமே சொல்லிப் பழகியவன் நான். காது கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சம் வேறு.

மனைவி பேச்சியிடம் இதைச் சொன்னேன்.

"அம்புட்டுக்கும் தலையாட்டிட்டு வந்துட்டு, கொறச்சுப் போட்டாகன்னு அழுகுறீகளாக்கும்? கெளம்புங்க, கருப்பன்கிட்ட போவோம்" என்றாள்.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுதான் சாமி. அதன் முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. "கூட்டியும் சொல்லாம, கொறச்சும் சொல்லாம என் கையைப் பிடிச்சுக்க, கருப்பையா" என்று அழுதேன்.

பரிசோதனை நாள். அதே மாதிரிக் கண்ணாடி அறை. வெளியே டாக்டரம்மாவின் கை அசைந்தது. என் விரலும் தானாகப் பொத்தானுக்குப் போனது. சட்டென்று கண்ணை மூடினேன். உள்ளே அந்த மூடிய கதவு தெரிந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது.

யாரோ தோளைத் தொட்டார்கள். டாக்டரம்மா. "ஏன் அமுக்கலை?" என்று சத்தமாகக் கேட்டார்.

"கேக்கல மேடம். போன தடவ கையைப் பாத்துத்தான் அமுக்குனேன்."

என்னைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்து, முதலிலிருந்து பரிசோதித்தார்.

மூன்று மாதம் பதில் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்காதே என்று தினமும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கார்த்திகையில் தபால்காரர் வந்தார். கடிதத்தைப் பிரித்துப் படித்து ஏதோ சொன்னார். வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"கேக்கல தம்பி. இன்னொரு தடவ சொல்லுங்க."

"முப்பதுண்ணே! முப்பது சதவீதம் போட்டிருக்காக!" தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

கருப்பனுக்குக் கோடி நன்றி. இப்போதெல்லாம் கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வாய்க்கு வராத உண்மை ஒன்று இருந்தால், அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.