அம்மா கொடுத்த நற்சான்று

பேரனின் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரரின் பெல்ட்டில் எண்ணெய் போட்ட தோல் வாசம். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஜலகண்டாபுரம் வீட்டுக்கும் அதே வாசம் வந்தது. லண்டனில் படிக்க உதவித்தொகை கிடைத்து, அண்ணன் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தான். நூல் சுற்றிய கையோடு அம்மா, விசாரிக்க வந்த போலீஸுக்கு மோர் கொண்டுவந்தாள்.

"எம் பையன் தங்கமுங்க சாமி. கதரத் தவிர வேற கட்டமாட்டானுங்க. வெள்ளைக்காரன எதுத்துக் கொடி புடிக்கறதுன்னா அவந்தானுங்க மொத ஆளு!"

போலீஸின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் கும்பிட்டுக் கெஞ்சினான். அவள் நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் வரவேயில்லை. "நல்லதுதான சொன்னேன்?" என்று சாகும்வரை கேட்டாள்.

இன்றைக்கு வந்தவர் பேரனைப் பற்றிக் கேட்டதும், "எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அவர் போனதும் பேரன் எகிறினான். "ஏனுங்க தாத்தா, நல்லதா நாலு வார்த்தை சொன்னா என்னங்க?"

"சொல்லித்தான்டா ஒருத்தன் லண்டன் கப்பலத் தவறவுட்டான்."