தெளிவு சங்கத்தின் அன்னாசி என்சைம்

போர்ட் கிள்ளான் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் குடியை எதிர்த்துப் பேசிவந்தார் மாதவி. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதையே தன் தகுதியாகக் கருதினார். அவருடைய தெளிவு சங்கத்துக்குத் தொடக்கத்தில் வந்த கூட்டம் ஒரு காருக்குள் அடங்கும். அதிலும் லோரி ஓட்டும் வேலாயுதம் ஒருவர்தான் உண்மையாகவே குடியை விட்டவர். மற்றவர்கள் மனைவிமார் விரட்டி வந்து, மின்விசிறிக்குக் கீழே கண்ணயர்ந்தார்கள். மாதவிக்கோ மேடைக் கூச்சம். தாளைப் பார்த்துப் படித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என்சைம் வந்தபிறகுதான் எல்லாம் மாறியது.

அக்கம்பக்கத்து வீடுகளில் அப்போது என்சைம் மோகம். அன்னாசித் தோலையும் பழுப்புச் சர்க்கரையையும் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தால் ஜீரணத்துக்கு நல்லது என்றார்கள். குடித்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று மாதவி வாளி வாளியாகப் போட்டார். நல்ல பொருள் கூடுதலாக ஊறினால் இன்னும் நல்லதுதானே என்று, சொன்ன நாளைத் தாண்டியும் விட்டுவைத்தார். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கப். தொண்டைக்கு இதமாக, பேசப்போகும் முன் தனக்கும் ஒன்று.

சில வாரங்களில் நாற்காலி போதவில்லை. ஆண்கள் தேய்த்த சட்டையோடு நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தார்கள். மாதவியின் பேச்சும் மடை திறந்தது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடிகாரன் வீடு திரும்பும் நடையை நடித்தே காட்டினார்.

"சங்கத்துக்கு வந்ததுல இருந்து வயிறு லேசாயிடுச்சு அக்கா. மனசும்தான்," என்றார் முன்வரிசைச் சுகுமாறன். "இன்னொரு கப் கிடைக்குமா?"

ஆரோக்கியத்தின்மீது இவர்களுக்கு இத்தனை ஆசையா என்று மாதவி பூரித்துப்போனார்.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது சாலைத் தடுப்பு. கிஷன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளம் போலீஸ்காரர் ஒரு கருவியை நீட்டினார்.

"ஊதுங்க ஆன்டி."

"நானா? பின்சீட்டப் பாருங்க தம்பி."

பின்சீட்டில் 'மதுவை மறப்போம்' என்ற பதாகை கிடந்தது.

"பாத்தேன். நீங்க ஊதுங்க."

ஊதினார். கிஷன் கருவியைப் பார்த்தார், பதாகையைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, போகலாம். ஆனா என்ன குடிச்சீங்க?"

"என்சைம். ஜீரணத்துக்கு."

"எவ்ளோ நாளா ஊறுது?"

மாதவி சொன்னார்.

"அது ஜீரணத்துக்கு இல்ல லா, ஆன்டி."

வழியெல்லாம் அவருக்கு வேலாயுதத்தின் முகம்தான். நான்கு ஆண்டுகளாக ஒரு சொட்டும் தொடாத மனிதர். அவருக்கு வாரந்தோறும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை முதல் வேலையாக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வேலு, பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்த என்சைம்..."

"தெரியும் அக்கா. மூக்குகிட்ட வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. நான் தொடல. சுகுமாறன் அண்ணன் பக்கம் தள்ளிடுவேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

வேலாயுதம் பிடரியைச் சொறிந்தார். "சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்தினா ஒருத்தனும் வரமாட்டான். சனிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு ஆகாது. அத்தன பேருக்கு நடுவுல உக்காந்து, நீங்க குடிக்காதேனு கத்துறதக் கேட்டா அன்னிக்குப் பொழுது ஓடிடும். இல்லாட்டி கால் எங்க போகும்னு எனக்கே தெரியாது லா."

மாதவி வீட்டுக்குப் போய் வாளிகளைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

அடுத்த கூட்டத்தில் கடுக்காயும் நிலாவாரையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். குடலைக் கழுவும், வேறொன்றும் செய்யாது என்று சொல்லித்தான் கொடுத்தார். யார் காதில் விழுந்தது? பழைய நம்பிக்கையில் ஒரே மடக்கில் இறக்கினார்கள்.

சுகுமாறன் முகம் கோணியது. "என்னக்கா, கெட்டுப்போச்சா?"

"இது கெடல. இத்தன நாளா நான் ஊத்தினதுதான் கெட்டது. அது சாராயம்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "தெரியாமயா வந்தோம்? போய் அதையே எடுத்துட்டு வாங்க, வெயிட் பண்றோம்," என்றார் சுகுமாறன். மாதவி அசையவில்லை. ஒருவருக்குப் போன் வந்தது, இன்னொருவருக்குக் காரை நகர்த்த வேண்டியிருந்தது. இருந்து கேட்டவர்களையும் மறுநாள் காலையில் கஷாயம் கழிப்பறைக்கு ஓடவைத்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தவர் வேலாயுதம் மட்டுமே. எதுவும் குடிக்காமல் மாதவி எழுந்தார். நாக்கு ஒட்டியது. தாளைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல அக்கா."

கொஞ்சம் உயர்த்தினார்.

"பத்தாது. நாற்காலி எல்லாம் நெறஞ்சிருக்குனு நெனச்சுக் கத்துங்க."

மாதவி கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். தொண்டை கிழிய, வேலாயுதம் தலையாட்டத் தொடங்கும்வரை கத்தினார். மாடியிலிருந்து ஒருவர் இறங்கிவந்து, மண்டபத்தில் யாரோ குடித்துவிட்டுக் கலாட்டா செய்வதாகக் காவலாளியிடம் புகார் கொடுத்தார்.